மலைக் கணக்கில் எழுதிய ஐந்து ரசீதுகள்

இந்த மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும்,

வெள்ளிக்கிழமையோடு நான் நின்றுகொள்கிறேன். பள்ளி ஆசிரியரான என் கணவருக்கு மாற்றல் வந்துவிட்டது. இரண்டாவது குழந்தைக்கு ஐந்து மாதம். பில் போடுவது, அட்மிஷன் புத்தகம் எழுதுவது, எக்ஸ்ரே செலவை எங்கே சேர்ப்பது என்பதையெல்லாம் நர்ஸம்மா இரண்டு நாளில் சொல்லிக் கொடுத்துவிடுவார். அதை நான் எழுதப்போவதில்லை. பத்து வருடத்தில் இந்த ஆஸ்பத்திரி மேசையில் நான் செய்த ஒரு தவறை மட்டும் எழுதி வைக்கிறேன். நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை ஆரம்பித்தேன். இரண்டு முறையும் யாராவது பில்லுக்கு வந்து நின்றார்கள். அதையே சாக்காக வைத்து நானும் நிறுத்திக்கொண்டேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பூட்டிய கதவை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவள் நான். ஸ்டவ்வை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பிப் போயிருக்கிறேன். பணப்பெட்டியில் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில், ரசீதுப் புத்தகத்தில் நம்மிடம் தங்கும் அடிக்கட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து வைப்பேன்: யார் கையால் வந்த பணம், நூறு எத்தனை, பத்து எத்தனை, கிழிசல் நோட்டு இருந்தால் அது எங்கிருந்து வந்தது. சாயங்காலம் பணத்தை வாங்கிக்கொள்ளும் கம்பவுண்டர் அதைப் பார்த்துச் சிரிப்பார். "நோட்டுக்கெல்லாம் ஜாதகம் எழுதுறியாத்தா" என்பார். ஆனாலும் எண்ணிப் பார்த்துவிட்டுக் கீழே மையில் சுருக்கொப்பம் போட்டுத் தருவார். இப்படிப்பட்டவள் கணக்கில் தவறமாட்டாள் என்று நம்பித்தான் டாக்டர் என்னை எடுத்தார். கணக்கில் நான் தவறவில்லை.

நான் வேலைக்கு வந்தபோது இங்கே மலைக் கணக்கு என்று ஒன்று இருந்தது. ஏலக்காய்த் தோட்டங்கள் மேலே, அவற்றின் முதலாளிகள் வீடு கீழே போடியில். காய் எடுக்கப் போகும் பெண்கள் பலர் சிலமலை, ராசிங்காபுரம் பக்கத்தவர்கள். காலையில் ஜீப்பில் ஏறிப் போய் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்கள். அவர்களுக்குக் காய்ச்சல், அட்டை கடித்த புண், அரிவாள் வெட்டு என்று எது வந்தாலும் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கொண்டுவந்து இறக்குவார். நாங்கள் தோட்டத்தின் பெயரில் எழுதுவோம். சனிக்கிழமை அவர் வந்து மொத்தமாகக் கட்டிவிட்டுப் போவார். ஆறு பேர் வந்தாலும் ஒரே பெயர்தான். எனக்கு முன்னால் இந்த மேசையில் இருந்தவர் சொல்லிக் கொடுத்ததும் ஒரே வரிதான்: "ஃபைலு எந்தப் பேர்ல தொறந்துச்சோ அந்தப் பேர்லயே முடியணும்." அது எனக்கு நல்ல விதியாகவே பட்டது. யோசிக்க வேண்டியதில்லை அல்லவா.

நான் வந்த மூன்றாம் வருடம், ஐப்பசி மழையில், மேலே ஏறிக்கொண்டிருந்த தோட்டத்து ஜீப் ஒன்று கொண்டை ஊசி வளைவில் பின்னுக்குச் சரிந்து தடுப்புச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்த ஜீப். மற்றவர்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. சிலமலைப் பேச்சியம்மாளின் இடது கால் முழங்காலுக்குக் கீழே ஜீப்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

அவள் கணவர் கருப்பையா சேதி கேட்டு வயலிலிருந்து அப்படியே வந்திருந்தார். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடலாம், அங்கே காசில்லை என்றார். கணக்குப்பிள்ளைதான் மறித்தார்.

"அங்க கொண்டுபோயி வராண்டாவுல போடப் போறியாக்கும். இங்கனயே பாருங்கப்பு. எல்லாத்தையும் நம்ம தோட்டத்துப் பேர்ல போடுங்கம்மா. மொதலாளி பாத்துக்கிடுவாரு."

தோட்டத்தின் பெயரில் ஃபைல் திறந்தேன். கணக்குப்பிள்ளை முன்பணம் கட்டினார். அந்த ரசீதும் தோட்டத்தின் பெயரில். அது சரியான ரசீது.

முதல் பத்து நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. எலும்புக்குத் தகடு வைக்க வேண்டும், மேலே தோல் எடுத்து ஒட்ட வேண்டும், மதுரையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வரும் எலும்பு டாக்டர் செய்வார் என்று நம் டாக்டர் சொன்னார். அதற்குள் பேச்சியம்மாளின் அண்ணன் போடியில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டார். காலை வைத்துத்தான் அவளுக்குச் சோறு, ஆகவே நஷ்ட ஈடு கேட்டு மனுப் போட வேண்டும், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது என்று வக்கீல் சொன்னதாகக் கேள்வி. ஜீப்பின் சொந்தக்காரரான தோட்டத்து முதலாளி மேல் மதுரை கோர்ட்டில் மனுப் போனது.

அந்தச் சனிக்கிழமை கணக்குப்பிள்ளை வந்தார். மற்ற நோயாளிகளுக்குக் கட்டினார். பேச்சியம்மாள் வரியில் விரலை வைத்து, "இது வேண்டாம்" என்றார்.

"ஏங்க, அடுத்த வாரம் ஆபரேஷன்."

"கேசு போட்டாச்சுல்ல. இனிமே கோர்ட்டுதான் கட்டணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். பிறகு பையிலிருந்து முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். பேச்சியம்மாள் ரேகை வைத்தால் தோட்டம் பழையபடி பார்த்துக்கொள்ளும். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்தவள், நானே படித்துக் காட்டிவிட வேண்டும் என்றார்.

கட்டிலருகே நின்று படித்தேன். இதுவரை ஆன செலவை எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் காலத்திலும் எந்தப் பாத்தியமும் கேட்கமாட்டேன், மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று இருந்தது.

கருப்பையா கேட்டார்: "கால் நல்லாகுற வரைக்கும் பாப்போம்னு அதுல இருக்காம்மா?"

மறுபடி படித்தேன். எனக்கே சந்தேகம் வந்து மூன்றாம் முறையும் படித்தேன். "இதுவரைன்னுதாண்ணே இருக்கு."

பேச்சியம்மாள் மேலே சுற்றும் விசிறியைப் பார்த்தபடியே சொன்னாள்: "காலு அவுக ஜீப்புக்கு அடியில போச்சு. இப்பக் கைய வேற கேக்குறாக. கொண்டுபோகச் சொல்லுங்கம்மா."

கணக்குப்பிள்ளை தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தோட்டத்திலிருந்து அந்தக் கட்டிலுக்குப் பணம் வரவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வழக்குப் போட்டவருக்குப் பணம் வரும். எப்போது வரும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. புண் அதுவரை காத்திருக்காது. அந்த இடைவெளியில் நோயாளி வந்து நிற்கும் இடம் நம் மேசைதான். வக்கீலும் டாக்டரும் தங்கள் தங்கள் அறையில் இருப்பார்கள்.

வக்கீலின் குமாஸ்தா ஒரு கடிதம் கொண்டுவந்தார். ஒல்லியான மனிதர், எந்நேரமும் வெற்றிலை. நஷ்ட ஈடு வந்ததும் ஆஸ்பத்திரிப் பாக்கியை முதலில் கொடுத்துவிடுகிறோம் என்று வக்கீல் கையெழுத்துப் போட்ட கடிதம். டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "என் ஃபீஸை நிறுத்தி வைக்கிறேன். வந்தா வரட்டும். ஆனா மதுரை டாக்டருக்கும் தகட்டுக்கும் மருந்துக்கும் நான் கையில கொடுத்தாகணும். இப்ப மதுரைக்கு அசைச்சுக் கொண்டுபோனாப் புண் கெட்டுடும். போய்ப் பேசிட்டுச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

நான் போய்ச் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்பதைக் கூட்டிக் குறைக்காமல் சொன்னேன். கருப்பையா தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "ரெண்டு உருப்படி கெடக்கு" என்றார். அவருடைய உழவு மாடுகள். முதலில் ஒன்று போனது, இரண்டு வாரம் கழித்து மற்றொன்று.

ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆபரேஷன், தோல் ஒட்டு, மருந்து என்று அவர் பணம் கொண்டுவந்தார். ஐந்து ரசீது எழுதினேன். ஐந்தும் தோட்டத்தின் பெயரில்.

முதல் ரசீதில் பெயர் எழுதும் இடத்தில் என் பேனா நின்றது உண்மை. பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். ஃபைல் திறந்த பெயரிலேயே முடிய வேண்டும் என்ற விதி நினைவுக்கு வந்தது. எழுதிவிட்டேன். பிறகு தொகையை மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். எனக்குப் பதற்றம் வந்தால் கூட்டிப் பார்ப்பேன். கூட்டல் சரியாக இருந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் மனம் அடங்கிவிடும். பதற்றப்படுகிறவர்கள் கவனமானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எளிதாகச் சரிபார்க்கக்கூடியதையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருப்போம்.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவரிடம், "பத்திரமா வச்சுக்கங்கண்ணே, கோர்ட்டுல கேப்பாங்க" என்று சொன்னேன். அவர் மழைக்காகிதத்தில் சுற்றி மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு போவார். நான் சொன்னதை அவர் அப்படியே செய்தார்.

மூன்று வருடம் போயிற்று.

பேச்சியம்மாள் கம்பு ஊன்றி நடந்தாள். ஆனால் புண் ஓரிடத்தில் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. தகட்டை எடுத்து, உள்ளே கெட்டுப்போன எலும்பைச் சுரண்ட வேண்டும், தள்ளிப்போட்டால் முழங்காலோடு எடுக்க வேண்டி வரலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். விற்க இனி ஒன்றும் இல்லை. குத்தகை வயலையும் விட்டுவிட்டுக் கருப்பையா கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். வழக்கில் வரும் பணத்தில்தான் அந்த ஆபரேஷன் என்று வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மதியம் கூட்டமில்லாத நேரத்தில் குமாஸ்தா வந்து மஞ்சள் பையை என் மேசையில் வைத்தார். ஐந்து ரசீதையும் வரிசையாகப் பரப்பினார்.

"இது யாரு எழுத்தும்மா?"

"என் எழுத்துதான்."

"முத்து முத்தா இருக்கு. பேர வாசிங்க."

வாசித்தேன்.

"தோட்டத்து வக்கீலு கோர்ட்டுல எந்திருச்சு என்ன சொல்றாருங்கிறீங்க. வைத்தியச் செலவு பூராம் நாங்கதான் பார்த்தோம், பணத்த அவ புருசன் கையில கொடுத்துவிட்டோம், இந்தாருங்க எங்க பேர்ல ரசீது, அவுக கொண்டாந்து வச்சதுதான்னு. எங்க ஐயாவுக்கு வாய் அடச்சுப்போச்சு. எதிராளிக்கு இம்புட்டு ஒத்தாசை பண்ண ஆஸ்பத்திரிய நான் பார்த்ததில்ல."

ரசீதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொகையெல்லாம் சரியாக இருந்தது.

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணும் கெட்டுப்போகல. பழைய ரசீது புக்கு எங்கயாச்சும் வெள்ளையாக் கெடக்கும். அந்தத் தேதியப் போட்டு அந்தம்மா பேர்ல அஞ்சு எழுதிக் கொடுங்க. நடந்ததத்தான எழுதப் போறீங்க. பொய் ஒண்ணுமில்லையே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அலமாரியில் பாதி எழுதாத பழைய புத்தகம் ஒன்று இருந்ததும் எனக்குத் தெரியும். எடுத்தேன். முதல் தாளில் பேச்சியம்மாள் பெயரை எழுதியும் விட்டேன். தேதி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. இந்த முறை அங்கேயே நிறுத்தினேன். தர்மம் பார்த்து நிறுத்தினேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ரசீது எண்கள் வரிசையில் வராது, மாட்டிக்கொண்டால் என் மகளைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியது: இது பிடிபட்டால் உண்மையாகவே கட்டிய பணமும் பொய்யாகிவிடும், காலுக்கு இருக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும்.

தாளைக் கிழிக்காமல் குறுக்கே கோடு போட்டு 'ரத்து' என்று எழுதினேன். "நானே கோர்ட்டுக்கு வந்து சொல்றேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்து?"

"பேரத் தப்பா எழுதினது நான்னு சொல்றேன்."

"அங்க பேச்சு வேற மாதிரி இருக்கும். தாங்குவீங்களா?"

தெரியாது என்றேன். அது உண்மையான பதில்.

அவர் போனதும்தான் அடிக்கட்டைகள் நினைவுக்கு வந்தன. மாடிப் பரணில் அந்த வருடத்துப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். முதல் ரசீதின் பின்னால் என் பென்சில் எழுத்து: கருப்பையா கையால், மாடு விற்ற பணம், வியாபாரி கொடுத்ததில் கிழிசல் பத்து ரூபாய் ஒன்று. கீழே கம்பவுண்டரின் சுருக்கொப்பம். இரண்டாவதிலும் அப்படியே. நாலாவதில், இரண்டாவது மாடு. மூன்றாவதும் ஐந்தாவதும் வெறுமையாக இருந்தன. ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த நாட்களில் என் மகளுக்கு மணல்வாரி அம்மை. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா சொல்லி அனுப்ப, பணத்தைக் கம்பவுண்டர் கையில் அப்படியே கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறேன்.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அதோடு இந்த ஆஸ்பத்திரியை நடத்துகிறவரும் அவர்தான். வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"நம்ம ரசீது தப்புன்னு நம்ம ஆளே கோர்ட்டுல சொன்னா நாளைக்கு நம்ம பில்லை யார் நம்புவாங்க? நமக்கு வர்றதுல பாதி தோட்டத்து ஆளுங்க."

"ஆமாங்க டாக்டர்."

"போங்கன்னும் சொல்லல. போகாதீங்கன்னும் சொல்லல. அன்னைக்குச் சம்பளம் கிடையாது."

வீட்டில் என் கணவர், "ஒனக்கு எதுக்கு இந்தக் கோர்ட்டுச் சோலி" என்று ஒரு முறைதான் கேட்டார். பிறகு சாட்சி நாளில் பள்ளியில் பரீட்சை என்பதால் மகளைத் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஊரில் இல்லை. ஐந்து வயது மகளையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் மதுரைக்குப் போனேன். என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். செக்கானூரணி தாண்டுவதற்குள் இருபது விதமாகப் பதில் சொல்லிவிட்டேன்.

கோர்ட்டு வராண்டாவில் பேச்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ரசீதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "பிள்ளைய இங்கன விட்டுட்டுப் போங்க. நான் எங்கயும் ஓடிற மாட்டேன்" என்றாள். சிரிக்கவில்லை. கூண்டில் நின்றபோது திறந்த கதவு வழியே எனக்கு அவர்கள் தெரிந்தார்கள். மகள் அவளுடைய ஊன்றுகம்பைத் தரையில் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்து வக்கீல் மரியாதையாகவே ஆரம்பித்தார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

"ஆமாங்க."

"யார் பேர் இருக்கு?"

"தோட்டத்துப் பேருங்க."

"அப்ப, கட்டினது தோட்டம்."

"இல்லைங்க. பேர் மட்டும் தோட்டத்தோடது. கட்டினது அவர்."

"அப்படின்னா நீங்க அன்னைக்கு எழுதினது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

ரயிலில் பார்த்த இருபது ஒத்திகையில் இது இல்லை. "அன்னைக்கு எழுதினது தப்புங்க. அந்தத் தப்பத்தான் இன்னைக்குச் சொல்றேன்."

"இந்த மாதிரி தப்பு ரசீது உங்க ஆஸ்பத்திரியில எத்தனை இருக்கும்?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தது கண் முன்னால் வந்தது. இந்த ஐந்துதான் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய் எண்ணப்போவதில்லை. "மலைக் கணக்குல வந்தது எல்லாமே இப்படித்தாங்க. யார் கட்டினாலும் பேர் மாறாது. அதுதான் வழக்கம்."

அடிக்கட்டைகளைக் கேட்டார்கள், கொடுத்தேன். பென்சில் எழுத்தை நேற்றுக்கூட எழுதியிருக்கலாமே என்றார் வக்கீல். நீதிபதி புத்தகத்தை வாங்கி, மையில் இருந்த சுருக்கொப்பத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டார். கம்பவுண்டருடையது என்றேன். அவரை வரவழைக்க முடியுமா என்றார். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றேன். நீதிபதி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் சற்று நின்றார். "இதுல ஏன் ஒண்ணும் எழுதல?"

"அன்னைக்கு என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லைங்க. வெரசாப் போயிட்டேன்."

அவர் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

தீர்ப்பு வந்தபோது மூன்று ரசீதுத் தொகை பேச்சியம்மாள் கட்டியதாக ஏற்கப்பட்டது. மற்ற இரண்டுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டார்கள். காலுக்கான ஈடு தனியாக வந்தது. சில மாதத்தில் பணம் கைக்கு வந்து, தகட்டை எடுத்து, எலும்பைச் சுரண்டி, புண் மூடியது. கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. ஆனால் கால் இருக்கிறது.

அந்தப் பருவம் முழுக்க அந்தத் தோட்டத்து ஜீப் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனது. அடுத்த பருவத்தில் தானாகவே திரும்பி வந்தது. அந்த வருடம் எனக்குச் சம்பளம் கூடவில்லை. காரணம் அதுதானா என்று நானும் கேட்கவில்லை, டாக்டரும் சொல்லவில்லை. ஒருநாள் போகிற போக்கில், "இனிமே பணம் கட்டுறவங்க பேர்லயே போடுங்க" என்றார். அவ்வளவுதான்.

டாக்டருக்கு நிறுத்தி வைத்த ஃபீஸைக் கட்டக் கருப்பையா வந்தார். எண்ணி வைத்துவிட்டு, "ரெண்டு மாட்டுல ஒண்ணரை மாடு திரும்பி வந்துருச்சும்மா" என்றார். குத்திக் காட்டினாரா, ஆறுதல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் என் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஒரு உறையில் வைத்திருந்தேன். அதை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினேன்.

அவர் உறையைத் திறக்கவில்லை. "இத எந்தப் பேர்ல எழுதுவீக?" என்றார். பிறகு உறையை என் பக்கமே நகர்த்திவிட்டு டாக்டர் ஃபீஸுக்கான ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அரை மாட்டை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். குமாஸ்தா சொன்னபடி ஐந்தையும் புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால் முழுதும் வந்திருக்கலாம். பிடிபட்டிருந்தால் ஒன்றுமே வந்திராமலும் போயிருக்கலாம். பிடிபட்டிருக்காது என்று சில நாள் தோன்றும். செய்தது சரிதான் என்று உங்களுக்கு உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கோர்ட்டில் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல முடிந்தது. முதல் நாள் பேனா நின்றபோது பின்னால் நின்ற நாலு பேரை ஒரு நிமிடம் காக்க வைத்திருந்தால் அந்தக் கேள்விகளே வந்திருக்காது. பேனா தானாக நின்றால் நிற்கவிடுங்கள். கூட்டம் முணுமுணுக்கும். முணுமுணுக்கட்டும்.

அட்மிஷன் புத்தகத்தில் 'கூட்டி வந்தவர்' என்று அச்சடித்த கட்டம் இன்றும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டு, 'பணம் கட்டியவர்' என்று எழுதிக்கொள்வது என் வழக்கம். புதுப் புத்தகத்தில் கடைசிப் பக்கம் வரை கோடு போட்டு வைத்திருக்கிறேன். அது தீர்ந்த பிறகு நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

மாதம் ஒருமுறை பேச்சியம்மாள் தன் மாமியாரைக் காட்ட வருவாள். இடது காலை லேசாக இழுத்து நடப்பாள், பார்த்ததும் தெரிந்துகொள்வீர்கள். பில் ஐந்து ரூபாயானாலும் ரசீது வாங்காமல் போகமாட்டாள். வாங்கிய பிறகு அதைத் திருப்பி உங்கள் முன்னால் நீட்டி, "இதுல எம் பேரு எங்கன இருக்கு?" என்பாள். போன மாதம் வரை என்னிடமும் கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டுவேன். அந்த எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்துக்கொள்வாள்.

அவள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நீங்களே காட்டிவிடுங்கள்.